கோணல் சுவரில் டைல்ஸ்: பாத்ரூம் சுவரைத் தயார் செய்யும் முழு வழிமுறை

பழைய பாத்ரூமைப் புதுப்பிக்கும்போது டைல்ஸ் எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். அந்த டைல்ஸ் உட்காரப்போகும் சுவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கொத்தனாரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒட்டும்போது கலவையில சரி பண்ணிக்கலாம் சார்" என்பார். 8-க்கு 12 அங்குல டைல்ஸ் ஒட்டிய காலத்தில் அது ஓரளவு உண்மைதான். சின்ன டைல்ஸ் என்பதால் சுவர் எப்படி வளைகிறதோ அப்படியே ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போய்விடும், கண்ணுக்கும் தெரியாது.

இப்போது எல்லோரும் கேட்பது 1-க்கு 2 அடி, இல்லையென்றால் 2-க்கு 4 அடி. நாலடி நீள டைல்ஸ் சுவருக்காக வளைந்து கொடுக்காது. சுவர் தொப்பை போட்டிருந்தால் நடுவில் தட்டி, இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு நிற்கும். அதோடு, இன்றைக்குப் பெரும்பாலும் டைல்ஸ் பசையில்தான் ஒட்டுகிறோம். அந்தப் பசை 3 முதல் 6 மி.மீ. கனத்தில் வேலை செய்வதற்காகத் தயாரானது. 20 மி.மீ. பள்ளத்தை அதை வைத்து நிரப்பினால் காயும்போது சுருங்கும், டைல்ஸை உள்ளே இழுக்கும், காசும் கரியாகும். அதனால் கோணலைப் பூச்சிலேயே தீர்த்துவிட வேண்டும். பசைக்கு ஒட்டுகிற வேலையை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நம் ஊரில் 20, 30 வருடத்துக்கு முன் கட்டிய வீட்டு பாத்ரூம். செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, அதன்மேல் ஐந்தடி உயரத்துக்கோ ஏழடி உயரத்துக்கோ பழைய டைல்ஸ், மேலே டிஸ்டெம்பர். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடு என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: காரையின்மேல் சிமென்ட் பூச்சு போடாதீர்கள். கீழே இருப்பது மெத்தென்று, மேலே இருப்பது கெட்டி. இரண்டும் சேர்ந்து நிற்காது. செங்கல் தெரியும்வரை காரையை எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உடைப்பு

உடைக்கத் தொடங்கும் முன் தரையில் இருக்கும் தண்ணீர் போகும் துளை, கம்மோடு குழாய் வாய் எல்லாவற்றையும் சாக்கால் அடைத்து, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடி டைல்ஸ் சில்லு உள்ளே போய் முழங்கை வளைவில் உட்கார்ந்தால், புது பாத்ரூமில் முதல் குளியலன்றே தண்ணீர் தேங்கும். தண்ணீர் வால்வை மூடுவது, கீசர் லைனை மெயினில் அணைப்பது இரண்டும் சொல்லாமலே தெரியும்.

பாத்ரூம் தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான். பெரிய பிரேக்கர் மெஷினை வைத்து அடித்தால் செங்கல்லே ஆடிப்போகும்; அந்தப் பக்கம் படுக்கையறைப் பூச்சும் பெயர்ந்து விழும். சின்ன சிப்பிங் மெஷின் போதும். டைல்ஸ் முடிகிற மேல் விளிம்பில் கிரைண்டரால் ஒரு கோடு வெட்டிவிட்டு, மேலிருந்து கீழாக, உளியைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்கையறைப் பக்கம் அலமாரியோ படமோ மாட்டியிருந்தால் கழற்றி வையுங்கள்.

டைல்ஸ் போனபின் அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சிமென்ட் திட்டுகளும் போக வேண்டும். அப்புறம் மிச்சமிருக்கும் பழைய பூச்சை, சுத்தியல் காம்பால் ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று முழுக்கத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருக்கும் இடம் கணீரென்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் பொத் பொத் என்கும். பொத்தென்று கேட்கும் இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். சுவரில் கால்பங்குக்கு மேல் வட்டமாக இருந்தால், ஒட்டுப்போடுகிற யோசனையை விட்டுவிட்டு மொத்தத்தையும் செங்கல்வரை எடுத்துவிடுவதே நல்லது. கூலி கொஞ்சம் கூடும். ஆனால் பழையது பாதி, புதியது பாதி என்று பூசினால் இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும்.

மேலே இருக்கும் டிஸ்டெம்பர், பட்டி, பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் டைல்ஸ் வரப்போகும் இடத்தில் இருக்கக்கூடாது. வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் காய்ந்த நிலையிலேயே தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். உப்பு வருகிறது என்றால் எங்கிருந்தோ ஈரம் வருகிறது. பழைய பைப் கசிவா, மேல்மாடித் தண்ணீரா என்று இந்த நேரத்தில் பார்த்துவிட வேண்டும். தூண் கான்கிரீட் வெடித்துத் துருக்கம்பி தெரிந்தால், அதைச் சரிசெய்யாமல் மேலே பூசி மூடுவது பெரிய தப்பு.

சுவரைப் படிப்பது

இந்த வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். தேவையானது தூக்குக்குண்டு, நூல், ஆறடி அலுமினிய மட்டக்கோல், மூலைமட்டம், டேப், ஒரு பென்சில். லேசர் லெவல் இருந்தால் சீக்கிரம் முடியும். இல்லாவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை.

முதலில் தூக்கு. சுவரின் உச்சியில் ஆணி அடித்து, சுவரிலிருந்து சரியாக 50 மி.மீ. தள்ளி நூல் தொங்கும்படி குண்டைக் கட்டுங்கள். குண்டு ஆடி நின்றதும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து சுவரிலேயே எழுதுங்கள். இரண்டு மூலையிலும், நடுவில் இரண்டடிக்கு ஒன்றாகவும் இப்படிச் செய்தால் சுவரின் மேடு பள்ளம் முழுக்கக் கையில் வந்துவிடும்.

ஓர் உதாரணம். மேலே 50, நடுவே 38, கீழே 56 என்று வருகிறது. அதாவது நடுவில் 12 மி.மீ. தொப்பை, அடியில் 6 மி.மீ. உள்வாங்கல். பூச்சின் கனம் மிக மேடான இடத்திலும் 10 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஆக, நூலிலிருந்து 28 மி.மீ. தூரத்தில் புதுப் பூச்சின் முகம் வரும். அப்படியென்றால் மேலே 22, நடுவே 10, கீழே 28 மி.மீ. கனம் பூச வேண்டும். இதுவே அந்தத் தொப்பையை மட்டும் உளியால் 6 மி.மீ. செதுக்கிவிட்டால் நடுவில் இடைவெளி 44 ஆகிறது, பூச்சு முகம் 34-க்கு நகர்கிறது. மேலே 16, நடுவே 10, கீழே 22 போதும். ஒரே ஒரு மேட்டைச் செதுக்கியதில் சுவர் முழுக்க 6 மி.மீ. கனம் மிச்சம். சின்ன பாத்ரூமில் இடமும் மிச்சம், சிமென்டும் மிச்சம். அதனால்தான் பூச்சுக்கு முன் அளக்கச் சொல்கிறேன். அளக்காமல் தொடங்கும் கொத்தனார் எல்லாப் பள்ளத்தையும் கலவையால்தான் நிரப்புவார்; மேட்டைச் செதுக்கலாம் என்பது பாதி பூசியபின் யாருக்கும் தோன்றாது.

நாலரை அங்குலச் சுவரில் இன்னொரு விஷயம். அரைச்செங்கல் சுவர் கட்டும்போது கொத்தனார் ஒரு பக்கத்துக்குத்தான் நூல் பிடிக்க முடியும். அந்த முகம் நேராக இருக்கும். மறுபக்கம் செங்கல்லின் அளவு வித்தியாசம் எல்லாம் வெளியே தள்ளும். பெரும்பாலும் நேர்முகத்தைப் படுக்கையறைக்குக் கொடுத்துவிட்டு, கரடான பக்கத்தைப் பாத்ரூமுக்குத் தள்ளியிருப்பார்கள்.

அடுத்தது மூலை. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிக்கும் குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் மூலை கோணல். சுவரை மட்டும் பார்த்தால் இது தெரியாது. தரை டைல்ஸ் போட்டதும் சுவர் ஓரத்தில் வெட்டுத் துண்டு ஒரு பக்கம் 4 அங்குலம், மறுபக்கம் 3 அங்குலம் என்று ஆப்புபோல் வரும்போதுதான் தெரியும். நாலு மூலையையும் 90 டிகிரிக்குக் கொண்டுவர நினைத்தால் பாத்ரூம் சுருங்கிவிடும். கதவைத் திறந்ததும் கண்ணில் படும் எதிர்ச்சுவர், ஷவர் சுவர், இவை சேரும் மூலை மட்டும் சுத்தமாக இருந்தால் போதும் என்பது என் கணக்கு. மிச்சக் கோணலைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிடலாம்.

கனம் கூடினால் எங்கெல்லாம் இடிக்கும்?

பூச்சு முகம் எங்கே வரும் என்று தெரிந்ததும், அதற்கு மேல் 13 அல்லது 14 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்: டைல்ஸ் ஒரு 9, பசை ஒரு 4 அல்லது 5. அதுதான் கடைசியில் கையில் தொடப்போகும் சுவர். அந்த முகத்தை வைத்து மூன்று இடங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் கம்மோடு. கழிவு தரை வழியாகப் போகும் எஸ்-டிராப் கம்மோடுகளில், முடிந்த சுவரிலிருந்து குழாயின் நடுப்பகுதி வரை 9 அங்குலம் அல்லது 12 அங்குலம் என்று கம்பெனி குறித்திருக்கும். அது டைல்ஸ் ஒட்டியபின் உள்ள சுவரிலிருந்து அளக்கும் தூரம். தரையில் குழாய் நகராது, சுவர்தான் முன்னால் வருகிறது. பழைய டைல்ஸும் அதன் கலவையும் போனதில் கிடைத்த இடத்துக்குள் புதுப் பூச்சும் டைல்ஸும் அடங்கினால் பிரச்சினை இல்லை. அடங்காவிட்டால் 9 அங்குலக் கம்மோடு சுவரில் முட்டும், உட்காரவே உட்காராது. அந்த ஒரு சுவரில் மட்டும் பழைய பூச்சை முழுக்க எடுத்து, கனத்தைக் குறைக்கப் பாருங்கள்.

இரண்டாவது, கதவு நிலை. டைல்ஸ் நிலையைத் தாண்டி வெளியே துருத்தினால் விளிம்பு தெரியும், அசிங்கமாக இருக்கும். நிலைக்குச் சமமாகவோ ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) உள்ளேயோ நிற்க வேண்டும்.

மூன்றாவது, சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர், அதாவது தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் வால்வு. அதன் பிளாஸ்டிக் மூடியின்மேல் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸின் முகம் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் வர வேண்டும். பிளம்பர் பழைய செங்கல் முகத்தைப் பார்த்து வைத்துவிட்டால், பூச்சும் டைல்ஸும் ஏறியபின் டைவர்ட்டர் ஆழத்தில் போய்விடும். மேல் பிளேட்டும் கைப்பிடியும் எட்டாது. பூச்சு முகத்தைக் காட்டும் நூலை முதலில் கட்டிவிட்டு, அதன்மேல் ஒரு டைல்ஸ் துண்டைப் பிடித்துக் காட்டி, அதற்கு ஏற்றபடி வைக்கச் சொல்லுங்கள். கீசர் சுவிட்ச் பெட்டிக்கும் இதே விதி.

பைப்பைப் புதைப்பது

சி.பி.வி.சி. (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்புக்கான காடியை, அதாவது சுவரில் வெட்டும் பள்ளத்தை, கிரைண்டரில் இரண்டு கோடு வெட்டி நடுவில் உளியால் எடுக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் நீளமாகக் கிடைமட்டக் காடி வெட்டவே வேண்டாம், சுவர் பாதியாகிவிடும். முடிந்தவரை மேலிருந்து செங்குத்தாக இறக்குங்கள். பைப் பூச்சு முகத்துக்குள் முழுக்க மறைய வேண்டும். வெளியே பிதுங்கினால் அந்த இடத்தில் புதிதாக ஒரு மேடு.

பிரஷர் பம்ப் வைத்துச் சோதிக்காமல் காடியை மூட விடாதீர்கள். பைப்பை ஒட்டிய சால்வென்ட் பசை காய்ந்தபின் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பாருங்கள். முள் நின்றால் காடியை சிமென்ட் கலவையால் நிரப்பி, பூச்சுக்கு முன்பே ஒருநாள் காயவிடுங்கள்.

பூச்சுக்குப் பிடிமானம்

செங்கல் தெரிந்தால் இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, பூசுவதற்கு முந்தின நாள் நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பூச்சு மாவாக உதிரும். அதற்காகப் பூசும் நேரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கவும் கூடாது. தொட்டால் ஈரம், பார்த்தால் பளபளப்பு இல்லை என்ற நிலை சரி.

தூண், பீம், லிண்டல் போன்ற கான்கிரீட் முகம்தான் உண்மையான தலைவலி. ஷட்டரிங் எண்ணெய் ஏறிய வழவழப்பில் எதுவும் பிடிக்காது. ஓர் அங்குலத்துக்கு ஒரு கொத்தாவது விழும்படி முகம் முழுக்கக் கொத்திவிட்டு, கம்பி பிரஷ் போட்டு, லேடெக்ஸ் கலந்த சிமென்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் பூச வேண்டும். சிமென்ட் பால் காய்ந்துவிட்டால் அதுவே ஒரு வழுக்குப் படலம் ஆகிவிடும். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் கோட்டில் இரண்டு பக்கமும் 4 அங்குலம் ஏறும்படி கோழிவலை அடிக்க வேண்டும். காடி மூடிய இடத்திலும் அதேபோல. வலை சுவரோடு ஒட்டிக்கிடக்காமல் சற்றே விலகி நின்றால்தான் கலவை அதன் பின்னால் போய்ப் பிடிக்கும்.

பூச்சு

ஒரு பங்கு சிமென்டுக்கு நாலு பங்கு மணல், 1-க்கு 4 கலவை. மணல் என்றால் பூச்சுக்கான பி-சாண்ட்; கான்கிரீட்டுக்கு வந்து இறங்கிய எம்-சாண்டை அப்படியே எடுத்துக் கலக்க விடாதீர்கள், பருக்கன் மட்டக்கோலில் இழுபட்டுக் கோடு போடும். வாட்டர்ப்ரூஃப் திரவம் மூட்டைக்குப் பெரும்பாலும் 200 மி.லி. அளவில் தண்ணீரில் கலந்து சேர்ப்பார்கள். டப்பாவில் உள்ள அளவைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய கலவை அரை மணி நேரத்தில் சுவருக்குப் போய்விட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி தண்ணீர் தெளித்துக் குழைத்தால் பலம் போச்சு.

மட்டத்துக்கு முதலில் புள்ளி வையுங்கள். சுவரின் மேல் இரண்டு மூலையில் கொஞ்சம் கலவை அப்பி அதன்மேல் உடைந்த டைல்ஸ் துண்டு ஒட்டுங்கள். துண்டின் முகம் நாம் கணக்கிட்ட பூச்சு முகத்தில் நிற்க வேண்டும். அதிலிருந்து தூக்கு விட்டுக் கீழே இரண்டு புள்ளி. மேல் இரண்டுக்கும் நடுவே நூல் கட்டி இடைப் புள்ளிகள், கீழேயும் அப்படியே. மட்டக்கோல் எப்போதும் இரண்டு புள்ளிமேல் தங்க வேண்டும் என்பதால், ஆறடிக் கோலுக்கு ஐந்தடிக்குள் ஒரு புள்ளி. புள்ளிகள் இறுகியதும் மேலும் கீழுமாக அவற்றை இணைத்து ஒரு சாண் அகலப் பட்டை பூசி, பிறகு பட்டைகளுக்கு நடுவே நிரப்பி, மட்டக்கோலைப் பட்டைமேல் வைத்துக் கீழிருந்து மேலாக அறுப்பதுபோல் ஆட்டி இழுக்க வேண்டும். கடைசியில் டைல்ஸ் துண்டுகளைப் பிடுங்கி அந்தக் குழிகளை மூடுங்கள்.

ஒரே தடவையில் 15 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். கனமான கலவை தன் எடையிலேயே தொங்கி, கீழே புதிதாக ஒரு தொப்பை போடும். நம் உதாரணத்தில் கீழே 22 மி.மீ. வரும் இடத்துக்கு முதல் கை 12 மி.மீ. போட்டு, கரண்டி முனையால் கோடு கிழித்து, ஒருநாள் கழித்து இரண்டாவது கை. 30 மி.மீ. தாண்டினால் நடுவில் வலை கட்டாயம். கொத்தனார்கள் பள்ளத்தில் ஓட்டுத்துண்டு, செங்கல் சில்லு வைத்து அமுக்குவது உண்டு. நேரம் மிச்சமாகும், ஆனால் ஒவ்வொரு சில்லும் பின்னாளில் பொத்தென்று கேட்கும் இடம்.

முடிப்பு மணியாசுக் கட்டையோடு (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) நிற்கட்டும். பழக்கதோஷத்தில் சிமென்ட் பால் தெளித்து வழவழவென்று இழைத்துவிடுவார்கள். டைல்ஸ் பசைக்கு அது ஆகாது, சன்னமான சொரசொரப்புதான் வேண்டும்.

காசு விஷயம் ஒன்று. டைல்ஸ் ஒட்டும் சதுர அடி ரேட்டில் இந்தப் பூச்சு வேலை அடங்காது. முதல் நாளே தனியாகப் பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால், கனமாகப் பூச வேண்டிய இடத்தைப் பசையால் மூடுவதற்கு நீங்களே ஒரு காரணம் கொடுத்ததாக ஆகும்.

தண்ணீர் விடுவதும் காயவிடுவதும்

மறுநாளிலிருந்து 7 நாள், காலை மாலை தண்ணீர். பாத்ரூம் நிழலில்தானே இருக்கிறது என்று விடாதீர்கள். மின்விசிறிக் காற்றும் சன்னல் வெயிலும் போதும் பூச்சை உலர்த்திவிட. அதற்குப்பின் குறைந்தது இன்னொரு வாரம் காயவிட வேண்டும். பூச்சு காயும்போது சுருங்கும், அந்தச் சுருக்கம் டைல்ஸ் ஏறுவதற்கு முன்பே நடந்து முடியட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வைத்தால் ஒரு வாரம் கூடுதலாகக் கணக்குப் போடுங்கள்.

இந்த இரண்டு வாரத்தைத்தான் எல்லோரும் வெட்டப் பார்ப்பார்கள். வீட்டில் ஒரே பாத்ரூம் என்றால் கஷ்டம் புரிகிறது. அப்போதும் டைல்ஸ் தேதியை நெருக்குவதைவிட, கம்மோடு பக்கத்தை முதலில் முடித்து, குளிக்கும் பக்கத்தைப் பிறகு எடுப்பது நல்லது.

வாட்டர்ப்ரூஃபிங்

காய்ந்த பூச்சின்மேல் சிமென்ட் பொடியும் பாலிமர் திரவமும் கலந்து அடிக்கும் வகையை எடுங்கள். ஷவர் சுவருக்கு ஏழடி வரையாவது, மற்ற சுவர்களுக்குத் தரையிலிருந்து ஓரடியாவது; முடிந்தால் கூடுதலாக. இரண்டு கோட், முதலாவது மேலும் கீழுமாக, இரண்டாவது குறுக்காக. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக மூடிவிட்டு அடித்தால் அங்கே விரிசல் விடாது. பெயின்ட்போல் பளபளக்கும் பூச்சுகளின்மேல் டைல்ஸ் பசை சரியாகப் பிடிக்காது. டைல்ஸுக்கு அடியில் போடலாம் என்று டப்பாவிலேயே எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். சிலர் இரண்டாவது கோட் ஈரத்திலேயே சன்ன மணலை வீசிப் பிடிமானம் கொடுப்பார்கள், நல்ல பழக்கம்.

கடைசிச் சோதனை

ஆறடி மட்டக்கோலைச் சுவரில் நேராக, கிடையாக, குறுக்காக வைத்துப் பாருங்கள். இடைவெளி 3 மி.மீ.க்குள் இருந்தால் சுவர் தயார். அளவுக்கு இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கிப் பிடியுங்கள். இப்போதைய நாணயம் ஒன்று ஒன்றரை மி.மீ. கனம் இருக்கும். அடுக்கு உள்ளே நுழைந்து ஆடினால் அந்த இடத்தைக் குறியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மட்டக்கோல் விட்ட மேடுகூட நிழலாக விழும்.

உள்ளங்கையால் தேய்த்தால் மாவு ஒட்டக்கூடாது. ஒட்டினால் தூசி துடைத்து, பசைக் கம்பெனி சொல்லும் பிரைமர் ஒரு கை. வாட்டர்ப்ரூஃப் அடிக்காத இடங்களில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உருண்டு ஓடினால் அங்கே எண்ணெயோ பெயின்டோ மிச்சமிருக்கிறது.

விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சவே உறிஞ்சாது என்பதால் வெறும் சிமென்ட் பாலில் ஒட்டிப் பிடிக்காது. பையின்மேல் ஐ.எஸ். 15477 (டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்), டைப் 2 அல்லது அதற்கு மேல் என்று போட்ட பசையாக இருக்கட்டும்.

குறித்த மேடுகளைக் கார்பொரண்டம் கல்லால் தேய்த்து இறக்கிவிடலாம். வாட்டர்ப்ரூஃப் படலம் தேய்ந்துபோன இடத்தில் மறுபடி இரண்டு கை அடித்துக் காயவிடுங்கள். 5 மி.மீ.க்குட்பட்ட சின்னப் பள்ளங்களை அதே டைல்ஸ் பசையால் முந்தின நாளே நிரப்பி மட்டம் இழுத்துவிடுங்கள். இந்த இடத்தில் வால் பட்டியோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ கைக்கு வரவே கூடாது. ஜிப்சமும் ஈரமான சிமென்டும் சேர்ந்தால் உள்ளுக்குள் உப்பி, ஒட்டிய டைல்ஸைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். பசை நிரப்பிய இடம் ஒரு இரவு முழுக்க இறுகட்டும். மறுநாள் காலை அந்த இடங்களில் மட்டும் மட்டக்கோலை இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, முதல் வரிசைக்கு நூல் கட்டலாம்.